முகவரி எங்கே போனது? ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறியவர்கள் வாருங்கள்

கரூர்_பேக்கெண்ட் | திங்கள், காலை 10:12

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடமாக ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓடிய ஒரு வாடிக்கையாளர் மென்பொருளைப் போன மாதம் போஸ்ட்கிரெஸ் 15-க்கு மாற்றினோம். டேபிள் டேபிளாக ரெக்கார்டு எண்ணிக்கையை ஒப்பிட்டோம், தொகைகளைக் கூட்டிப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் கூரியர் பிரிவிலிருந்து போன்: பாதி ஸ்டிக்கர்களில் முகவரியே இல்லை.

டேபிளைத் திறந்து பார்த்தால் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாமே இருக்கின்றன. ஆனால் அவற்றை ஒட்டி எடுக்கும் குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளையில்) மட்டும் ஒன்றும் வரவில்லை. அரை நாள் கழித்துத்தான் பிடிபட்டது. முகவரியின் இரண்டாம் வரியில் ஒன்றும் எழுதாதவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது. இரட்டைக் கோடு (||) போட்டு ஒட்டும்போது நடுவில் ஒரு நல் (NULL, மதிப்பே இல்லாத ஃபீல்டு) வந்தால் ஆரக்கிள் அதை விட்டுவிட்டு மற்றதை ஒட்டிக் கொடுத்துவிடும். போஸ்ட்கிரெஸில் ஒரு துண்டு நல் என்றால் மொத்தமும் நல்.

அதைச் சரிசெய்துவிட்டேன். இப்போது இன்னொன்று. "போன் எண் தராதவர்கள்" என்று ஒரு பட்டியல் உண்டு, போன் ஃபீல்டு நல்லாக இருப்பவர்களை எடுப்பது. மாறிய பிறகு சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர்கூட அதில் வரவில்லை. எல்லோருமா போன் எண் கொடுத்திருப்பார்கள்?

இதுபோல வேறு என்னென்ன காத்திருக்கிறது என்று முன்பே தெரிந்தால் நல்லது. தமிழில் பெயர், ஊர் சேமிக்கும் ஃபீல்டுகளும் நிறைய இருக்கின்றன. பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி_டிபிஏ | திங்கள், காலை 11:05

தம்பி, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆரக்கிளில் வெற்று ஸ்ட்ரிங் (ஓர் எழுத்தும் இல்லாத எழுத்துத்தொடர்) என்று தனியாக ஒன்று கிடையாது. ஒற்றை மேற்கோள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் அது நல். மற்ற டேட்டாபேஸ்களில் "ஒன்றும் எழுதவில்லை" என்பதும் "என்னவென்றே தெரியாது" என்பதும் இரண்டு வேறு விஷயம்.

உங்கள் அப்ளிகேஷன் போன் பெட்டி காலியாக இருந்தால் வெற்று ஸ்ட்ரிங்கைத்தான் எப்போதும் அனுப்பியிருக்கும். ஆரக்கிள் அதை நல்லாக மாற்றி வைத்துக்கொண்டது. போஸ்ட்கிரெஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிறது. அதனால் பழைய ரெக்கார்டுகளில் நல், புதியவற்றில் வெற்று ஸ்ட்ரிங். ஒரே ஃபீல்டில் இரண்டும் கலந்து கிடக்கும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிய கவலை. "நாட் நல்" என்று போட்ட ஃபீல்டில் ஆரக்கிள் வெற்று ஸ்ட்ரிங்கை உள்ளே விடாது. அதாவது "பெயர் கட்டாயம்" என்ற விதியை இத்தனை நாள் ஆரக்கிளே பார்த்துக்கொண்டது. போஸ்ட்கிரெஸில் அதே "நாட் நல்" இருந்தும் காலிப் பெயரோடு ஆள் உள்ளே வந்துவிடுவார். உடனே போய் பெயர், ஊர் ஃபீல்டுகளில் வெற்று ஸ்ட்ரிங் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு செக் கன்ஸ்ட்ரெயிண்ட் (தப்பான மதிப்பை உள்ளே விடாத விதி) போடுங்கள்.

வெற்று ஸ்ட்ரிங்கை நல்லைப் போல நம்பி எழுதாதீர்கள், வருங்காலத்தில் இது மாறலாம் என்று ஆரக்கிளின் கையேட்டிலேயே பல வருடமாக எழுதியிருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

ஒட்டும் வேலைக்கு கான்கேட்_டபிள்யூஎஸ் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். நல்லை விட்டுவிடும், நடுவில் தேவையில்லாத காற்புள்ளியும் வராது. ஆனால் வெற்று ஸ்ட்ரிங்கை விடாது, அங்கே காற்புள்ளி இரட்டிக்கும். அதனால் முதலில் டேட்டாவைச் சுத்தம் செய்யுங்கள். மைஎஸ்கியூஎல்காரர்கள் கவனிக்க: உங்கள் கான்கேட்டில் ஒரு நல் வந்தால் மொத்தமும் நல். போஸ்ட்கிரெஸின் கான்கேட் நல்லை விட்டுவிடும். பெயர் ஒன்றுதான், நடத்தை வேறு.

---

ஜாவா_ஈரோடு | திங்கள், மதியம் 1:30

நல் பற்றிப் பேசும்போதே ஒன்று. ஏறுவரிசையில் அடுக்கினால் நல் எங்கே வரும் என்பதிலும் ஒற்றுமை கிடையாது. ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் கடைசியில். மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் மூன்றிலும் முதலில். கரூர் நண்பருக்கு இந்த இடத்தில் தொல்லை இல்லை.

யூனிக் கன்ஸ்ட்ரெயிண்டிலும் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதி) இப்படித்தான். எஸ்கியூஎல் சர்வர் ஒரே ஒரு நல்லைத்தான் அனுமதிக்கும். மற்றவை எத்தனை நல்லையும் விடும். போஸ்ட்கிரெஸ் 15-ல் வேண்டுமானால் "நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்" என்று சேர்த்து, அங்கேயும் ஒரே ஒரு நல் என்று ஆக்கிக்கொள்ளலாம்.

---

எழுத்தெண்ணி | திங்கள், மாலை 4:48

தமிழ் ஃபீல்டுகள் என்று சொன்னீர்களே, அதற்காகவே உள்ளே வந்தேன். நான் ஆறு வருடமாகத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களோடுதான் மல்லாடுகிறேன்.

"திருநெல்வேலி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடுக்குப் பன்னிரண்டு குறியீடு, ஏனென்றால் தி என்பது த-வும் இகரக் குறியும். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், ஆக 36 பைட். நமக்கு நீளம் ஆறு, டேட்டாபேஸ்களோ பன்னிரண்டு, முப்பத்தாறு என்று ஆளுக்கொன்றைச் சொல்கின்றன.

ஆரக்கிளில் ஓர் எழுத்து ஃபீல்டின் வகையை வார்கேர்2(30) என்று எழுதினால், யாரும் செட்டிங் மாற்றாதவரை, அது 30 பைட். திருநெல்வேலி உள்ளே போகாது, ஓஆர்ஏ-12899 என்று பிழை வரும். முப்பது எழுத்து இடம் இருக்கிறதே என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 30-க்குப் பக்கத்தில் "கேர்" என்று எழுதினால் குறியீட்டுக் கணக்கு ஆகிவிடும். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் வார்கேர்(30) என்றால் முப்பது குறியீடு. நம் ஆறெழுத்துக்கு யாரிடமும் கணக்கு இல்லை, அதை அப்ளிகேஷனில்தான் எண்ண வேண்டும்.

அதனால் கரூர் நண்பரே, பழைய டீமில் யாரோ இந்தப் பிழைக்குப் பயந்து ஊர் ஃபீல்டை 200, 300 என்று நீட்டி வைத்திருப்பார்கள். போஸ்ட்கிரெஸில் அதே எண்ணைக் கொண்டுபோயிருந்தால் மூன்று மடங்கு இடம் திறந்திருக்கிறது. தப்பில்லை, ஆனால் ஸ்டிக்கர் அச்சடிக்கும் இடத்தில் பிதுங்கும்.

லெங்த் என்ற ஃபங்ஷனை நம்பாதீர்கள். போஸ்ட்கிரெஸில் திருநெல்வேலிக்கு 12 வரும். மைஎஸ்கியூஎல்லில் அதே பெயருள்ள ஃபங்ஷன் பைட்டை எண்ணும், 36 வரும். அங்கே 12 வேண்டுமென்றால் கேர்_லெங்த். எஸ்கியூஎல் சர்வரின் லென் கடைசியில் இருக்கும் ஸ்பேஸ்களை எண்ணாமல் விட்டுவிடும்.

எஸ்கியூஎல் சர்வரில் தமிழ் எழுதுபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேள்விக்குறி வரிசையைப் பார்த்திருப்பார்கள். ஃபீல்டு என்வார்கேராக (யூனிகோடு எழுத்து வகை) இருந்தால் மட்டும் போதாது. குவெரியில் மேற்கோளுக்கு முன்னால் பெரிய என் எழுத்தைப் போட மறந்தால், ஃபீல்டுக்குப் போய்ச் சேரும் முன்பே தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். தமிழுக்கென்று பழைய கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்திய எழுத்து அட்டவணை) எதுவும் அங்கே இல்லை, அதுதான் காரணம். 2019 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதி) வந்திருக்கிறது. ஆனால் பழைய டேட்டாபேஸில் ஏற்கெனவே கேள்விக்குறியானது ஆனதுதான், திரும்ப எடுக்க வழியில்லை. ஒரு பஞ்சாயத்தின் பயனாளிகள் பட்டியல் இப்படிப் போய், காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். அந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன்.

அடுக்கும் வரிசை பற்றித் தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

---

கரூர்_பேக்கெண்ட் | திங்கள், மாலை 6:20

இரவுப்பணி அண்ணா, எண்ணிப் பார்த்தேன். ஊர் ஃபீல்டில் வெற்று ஸ்ட்ரிங் இருக்கிறது, அதுவும் "நாட் நல்" போட்ட ஃபீல்டில். இத்தனைக்கும் நான்கு வாரம்தான் ஆகிறது. இன்று இரவே செக் போடுகிறேன். எழுத்தெண்ணி, அடுக்கும் வரிசையைக் கட்டாயம் எழுதுங்கள், எங்கள் ஊர்ப் பட்டியல் கன்னாபின்னாவென்று வருகிறது.

---

எழுத்தெண்ணி | திங்கள், இரவு 9:15

பழனி, பவானி. எது முதலில்?

தமிழ் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன. வகரம் முன்னே, ழகரம் பின்னே. ஆக பவானி, பிறகு பழனி. யூனிகோடு அட்டவணையில் வரிசை வேறு: ர ற ல ள ழ வ. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் பழனி முன்னால் வந்துவிடும். புள்ளியும் அப்படித்தான். அகராதியில் அம்பாசமுத்திரம் முன்னே, அமராவதி பின்னே, ஏனென்றால் ம் என்பது ம-வுக்கு முந்தியது. யூனிகோடில் புள்ளிக்கு எண் பெரியது, அதனால் தலைகீழாக வரும். ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால் ஜெயங்கொண்டம் தஞ்சாவூருக்கு முன்னால் வருகிறது. கிரந்த எழுத்தைக் கடைசியில் தேடிப் பழகியவருக்கு அது கிடைக்காது.

உங்கள் டேட்டாபேஸை உருவாக்கும்போது கொலேஷனை "சி" (குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்குவது) என்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து ஐசியூ (யூனிகோடு நூலகம்) கொலேஷன் இருக்கிறது. தமிழுக்கானதை எடுத்து ஊர் ஃபீல்டின் ஆர்டர் பையில் (அடுக்கச் சொல்லும் இடத்தில்) மட்டும் கொடுத்துப் பாருங்கள். மொத்த டேட்டாபேஸையும் மாற்ற வேண்டியதில்லை. அப்படி அடுக்குவதற்கென்றே ஒரு இண்டெக்ஸ் வேண்டுமானால் அதே கொலேஷனோடு கட்ட வேண்டும், இல்லையென்றால் பயன்படாது.

---

சர்வர்_காவலன் | செவ்வாய், காலை 8:40

கொலேஷன் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. கொலேஷன் "சி" என்றால் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம்.

போஸ்ட்கிரெஸ் வழக்கமாக அடுக்கும் விதியை லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிடமிருந்து கடன் வாங்குகிறது. 2018-ல் வந்த ஜிலிப்சி 2.28-ல் அந்த விதிகள் பெரிய அளவில் மாறின. இண்டெக்ஸ் என்பது அடுக்கி வைத்த பட்டியல். அடுக்கிய விதி ஒன்று, தேடும் விதி வேறு என்றால் என்ன ஆகும்? இருக்கும் ஆள் இல்லை என்று வரும்.

எங்களுக்கு நடந்தது இது. டேட்டாபேஸ் பதிப்பை மாற்றவில்லை, கீழே இருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் புதுப்பித்தோம். டேட்டா டைரக்டரியை அப்படியே எடுத்து வைத்தோம். இரண்டு நாள் கழித்து ஒரே மின்னஞ்சலில் இரண்டு கணக்குகள், அதுவும் யூனிக் இண்டெக்ஸ் இருக்கும் டேபிளில். தேடியபோது பழைய கணக்கு கண்ணில் படாததால் புதியதை உள்ளே விட்டிருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் இதில் கொடுமை. எழுத்து ஃபீல்டுகளின் இண்டெக்ஸ் அனைத்தையும் ரீஇண்டெக்ஸ் செய்வதற்கு (மறுபடி கட்டுவதற்கு) முன் இரட்டைக் கணக்குகளைக் கையால் பிரிக்க வேண்டியிருந்தது.

டம்ப் (டேட்டா முழுவதையும் ஒரு கோப்பாக) எடுத்து மறுபடி ஏற்றினால் இந்தப் பிரச்சினை வராது, இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும். ரெப்ளிகாவை (நகல் சர்வரை) வேறு ஓஎஸ் பதிப்பில் வைத்திருப்பவர்கள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

---

பில்லிங்_தோழி | செவ்வாய், காலை 11:22

நான் எஸ்கியூஎல் சர்வர் பக்கம். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பில் போடும் எல்லோருக்கும் இது வரும்.

நாங்கள் இன்வாய்ஸ் எண்ணுக்கு ஐடென்டிட்டி (தானாக எண் ஏறும்) ஃபீல்டையே வைத்திருந்தோம். ஒரு இரவு மின்சாரம் போய் சர்வர் எழுந்தது. மறுநாள் காலை முதல் பில்லின் எண் முந்தைய பில்லைவிட ஆயிரம் சொச்சம் அதிகம். கணக்காளர் பதறிவிட்டார். சிஜிஎஸ்டி விதி 46 இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது, பதினாறு எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல். நடுவில் ஆயிரம் பில் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

2012 பதிப்பிலிருந்து எஸ்கியூஎல் சர்வர் ஐடென்டிட்டி எண்களை முன்கூட்டியே மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. இண்ட் என்றால் 1000, பிக்இண்ட் என்றால் 10,000. சர்வர் திடீரென்று விழுந்தால் எடுத்து வைத்தது போய்விடும். 2017-லிருந்து இப்படி எடுத்து வைக்கும் ஐடென்டிட்டி கேஷை டேட்டாபேஸ் அளவில் அணைக்கலாம். அணைத்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது.

---

இரவுப்பணி_டிபிஏ | செவ்வாய், மதியம் 12:10

தீரவில்லை அம்மா, குறைந்திருக்கிறது. கேஷை அணைத்தாலும், ஒரு பில் போடும்போது பாதியில் பிழை வந்து ரோல்பேக் ஆனால் (செய்தது எல்லாம் பின்வாங்கினால்) அந்த எண் போனதுதான். ஐடென்டிட்டியோ, ஆரக்கிளின் சீக்வென்ஸோ, போஸ்ட்கிரெஸின் சீரியலோ, எதுவும் எடுத்த எண்ணைத் திருப்பி வைக்காது. ஒரே நேரத்தில் நூறு பேர் எண் கேட்டால் ஒருவரும் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆரக்கிளில் சீக்வென்ஸ் உருவாக்கும்போது ஒன்றும் சொல்லாவிட்டால் 20 எண்ணைக் கேஷில் வைக்கும்.

மைஎஸ்கியூஎல் 8.0-க்கு முன் இதற்கு நேர்மாறான ஆபத்து இருந்தது. கடைசி ரெக்கார்டை அழித்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், டேபிளில் மிஞ்சிய பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். அழித்த பில்லின் எண் வேறொருவருக்குப் போய்விடும். இடைவெளியைவிட இது மோசம்.

சட்டத்துக்குக் காட்டும் எண்ணையும் டேபிளின் உள் எண்ணையும் பிரித்துவிடுங்கள். இன்வாய்ஸ் எண்ணுக்கு ஒரு சின்ன டேபிள், ஒரு தொடருக்கு ஒரு நிதியாண்டில் ஒரே ரெக்கார்டு. பில் உறுதியாகும் அந்தக் கடைசி டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது நடக்காத ஒரு தொகுப்பு வேலை) அந்த ரெக்கார்டைப் பூட்டி, ஒன்று கூட்டி, எடுத்துக்கொள்ளுங்கள். ரோல்பேக் ஆனால் எண்ணும் பின்னால் போய்விடும்.

---

பில்லிங்_தோழி | செவ்வாய், மதியம் 2:45

ஆனால் சார், அப்படிச் செய்தால் எல்லாக் கவுண்டரும் அந்த ஒரு ரெக்கார்டுக்காக வரிசையில் நிற்குமே? எங்களுக்குப் பண்டிகை நாளில் பதினெட்டு கவுண்டர் ஓடும்.

---

இரவுப்பணி_டிபிஏ | செவ்வாய், மதியம் 3:02

நிற்கும். அதைத் தவிர்க்க முடியாது, தொடர்ச்சி என்பதன் பொருளே அதுதான். ஆனால் பூட்டு எவ்வளவு நேரம் என்பது உங்கள் கையில் இருக்கிறது. பில் திறந்ததுமே எண் எடுத்தால் வாடிக்கையாளர் பர்ஸைத் தேடும் நேரமெல்லாம் பூட்டிக்கிடக்கும். எல்லாம் முடிந்து சேமிக்கும் கணத்தில் எடுத்தால் சில மில்லிசெகண்ட்தான். அதுவும் போதாது என்றால் கவுண்டருக்கு ஒரு தொடர் வையுங்கள். விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை அனுமதிக்கிறது.

---

பில்லிங்_தோழி | செவ்வாய், மதியம் 3:10

கவுண்டருக்கு ஒரு தொடர்! இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி சார்.

---

மைகியூ_மதுரை | செவ்வாய், இரவு 8:30

மைஎஸ்கியூஎல்லைப் பற்றிய பேச்சு எப்போதும் பழைய குற்றப்பட்டியலாகவே இருக்கிறது, அதனால் கொஞ்சம் பதில்.

ஆமாம், ஒரு காலத்தில் நீளமான ஸ்ட்ரிங்கைச் சத்தமில்லாமல் வெட்டியது. 5.7-லிருந்து ஸ்ட்ரிக்ட் மோட் தானாகவே இருக்கிறது, இப்போது பிழை சொல்லும். குரூப் பையில் இல்லாத ஃபீல்டை செலக்டில் கேட்டால் கையில் கிடைத்த ஏதோ ஒரு மதிப்பைக் கொடுத்தது, அதுவும் 5.7-லிருந்து தடை. செக் கன்ஸ்ட்ரெயிண்டை எழுதினால் வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தது, 8.0.16-லிருந்து செயல்படுத்துகிறது. பழைய சர்வரிலிருந்து மை.சிஎன்எஃப் என்ற செட்டிங் கோப்பை அப்படியே எடுத்து வந்து இந்தக் காவலையெல்லாம் அணைத்துவிட்டுக் குறை சொல்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். "யூடிஎஃப்8" என்று பெயர் வைத்துவிட்டு 3 பைட்டோடு நிறுத்தியது பெரிய தவறு. தமிழ் 3 பைட்டில் அடங்கிவிடுவதால் நம் ஊரில் இது வெளியே தெரியவில்லை. நான்கு பைட் எமோஜி வந்தபோதுதான் தெரிந்தது. ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத சர்வரில் "டெலிவரி அருமை" என்று எழுதி ஒரு சிரிப்பு எமோஜி போட்டு அதன்பின் பத்து வரி புகார் எழுதியிருந்தால், எமோஜியிலிருந்து கடைசி வரை காணாமல் போயிருக்கும். முழு யூடிஎஃப்-8 வேண்டுமென்றால் யூடிஎஃப்8எம்பி4. 8.0-ல் அதுதான் இயல்பு, ஆனால் பழைய டேபிள்கள் தானாக மாறாது, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

இதை எமோஜிக்காக மட்டும் சொல்லவில்லை. 2019-ல் யூனிகோடு 12-ல் தமிழுக்கு ஒரு துணைத் தொகுதி வந்தது. முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள், அளவைக் குறிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவை நான்கு பைட். பழைய நிலப் பத்திரங்களையோ கோயில் கணக்குகளையோ எழுத்து மாறாமல் பதிவு செய்ய நினைப்பவர் 3 பைட் டேபிளில் முந்திரியை வைக்க முடியாது.

---

ஜாவா_ஈரோடு | செவ்வாய், இரவு 9:05

மதுரை நண்பர் சொன்னது நியாயம். ஆனால் டிடிஎல் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைகள்) பற்றி அவர் பேசவில்லை. மைஎஸ்கியூஎல்லில் ஆல்டர் டேபிள் ஓடியதுமே கமிட் ஆகிவிடும், அதாவது திரும்பப் பெற முடியாதபடி உறுதியாகிவிடும். எங்கள் மைக்ரேஷன் ஸ்கிரிப்டில் மூன்று ஆல்டர், மூன்றாவது தோற்றது. முதல் இரண்டும் நின்றுவிட்டன. மறுபடி ஓட்டினால் "அந்த ஃபீல்டு ஏற்கெனவே இருக்கிறது" என்று முதல் வரியிலேயே நிற்கிறது. நள்ளிரவில் பாதி மாறிய டேட்டாபேஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

போஸ்ட்கிரெஸில் மூன்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் வைத்தால் மூன்றாவது தோற்றதும் மூன்றுமே இல்லாமல் போய்விடும். எஸ்கியூஎல் சர்வரும் எஸ்கியூலைட்டும்கூட இதைச் செய்யும். ஆரக்கிள் செய்யாது.

---

மைகியூ_மதுரை | செவ்வாய், இரவு 9:21

அது உண்மை, மறுக்கவில்லை. 8.0-ல் ஒவ்வொரு ஆல்டரும் முழுதாக நடக்கும் அல்லது நடக்காது, நடுவில் உடையாது. பல ஆல்டரைச் சேர்த்துத் திரும்பப் பெற முடியாது. நாங்கள் ஒரு கோப்புக்கு ஒரு ஆல்டர் என்று வைத்துக்கொள்கிறோம்.

---

சர்வர்_காவலன் | செவ்வாய், இரவு 10:50

கரூர் நண்பருக்கு இன்னும் ஒன்று. உங்கள் கோடில் "இன்செர்ட் செய், டூப்ளிகேட் என்று பிழை வந்தால் பிடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்" என்று எங்காவது இருக்கிறதா? ஆரக்கிளில் தோற்ற அந்த ஒரு ஸ்டேட்மெண்ட் மட்டும்தான் பின்வாங்கும், டிரான்சாக்ஷன் உயிரோடு இருக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு பிழை வந்ததும் மொத்த டிரான்சாக்ஷனும் செத்துவிடும். பிறகு என்ன அனுப்பினாலும் "டிரான்சாக்ஷன் கைவிடப்பட்டது, முடியும்வரை எதையும் ஏற்க மாட்டேன்" என்றே பதில் வரும். அங்கே சேவ்பாயிண்ட் (பிழை வந்தால் திரும்பிப் போகும் இடம்) வைக்க வேண்டும், அல்லது இன்செர்ட்டோடு "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்" சேர்க்க வேண்டும்.

---

புதிதாய்_சேர்ந்தவள் | புதன், காலை 9:30

கல்லூரி முடித்து வேலைக்கு வந்து ஐந்து மாதம். இங்கே படித்ததில் பாதி எனக்குப் புதிது. ஒரு சந்தேகம். வருகை சதவீதம் கணக்கிட, வந்த நாளை மொத்த நாளால் வகுத்து நூறால் பெருக்கினேன். வீட்டில் மைஎஸ்கியூஎல்லில் சரியாக வந்தது. அலுவலகத்தில் போஸ்ட்கிரெஸில் எல்லோருக்கும் 0, முழு நாளும் வந்தவருக்கு மட்டும் 100. ஏன்?

---

ஜாவா_ஈரோடு | புதன், காலை 9:41

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் மூன்றும் முழு எண்ணையே தரும். 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2. மைஎஸ்கியூஎல்லும் ஆரக்கிளும் 2.5 தரும். 18-ஐ 22-ஆல் வகுத்தால் 0, அதை நூறால் பெருக்கினாலும் 0. 100.0 ஆல் முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு வகுங்கள், எல்லா இடத்திலும் ஒரே விடை வரும்.

வீட்டில் விண்டோஸ் லேப்டாப், அலுவலகத்தில் லினக்ஸ் என்றால் இன்னொன்றும் வரும். மைஎஸ்கியூஎல்லில் டேபிள் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸில் தெரியாது, லினக்ஸில் தெரியும். எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நிம்மதி.

---

கரூர்_பேக்கெண்ட் | புதன், மாலை 5:15

எல்லோருக்கும் நன்றி. இதுவரை செய்ததைச் சொல்கிறேன்.

செக் கன்ஸ்ட்ரெயிண்ட் போட்டாயிற்று. தமிழ் ஐசியூ கொலேஷன் கொடுத்ததும் பவானி முன்னே, பழனி பின்னே. எங்கள் மேலாளர் ஊர்ப் பட்டியலைப் பார்த்து "இப்போதுதான் அகராதி மாதிரி இருக்கிறது" என்றார். சர்வர்_காவலன் சொன்ன டூப்ளிகேட் பிடிக்கும் கோட் நான்கு இடத்தில் இருந்தது, மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தேதியிலும் ஒன்று சிக்கியது. ஆரக்கிளின் டேட் வகைக்குள் மணி, நிமிடம், நொடியும் உண்டு. கையால் எழுதிய சில டேபிள்களில் நாங்கள் அதைப் போஸ்ட்கிரெஸின் டேட் ஆக்கிவிட்டோம், அங்கே நாள் மட்டும்தான். நல்லவேளை, ஆரக்கிள் சர்வரை இன்னும் அணைக்கவில்லை. நேரத்தை மீட்டு டைம்ஸ்டாம்பாக மாற்றிவிட்டேன்.

இப்போது புதுக் குழப்பம். "கௌரி" என்று தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. திரையில் எல்லாப் பெயரும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

---

எழுத்தெண்ணி | புதன், மாலை 6:40

இதைத்தான் எதிர்பார்த்தேன். இதில் இரண்டு நோய் கலந்திருக்கும்.

ஒன்று: கொ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. போஸ்ட்கிரெஸ் வழக்கமாக பைட்டைப் பார்த்துத்தான் சமமா என்று சொல்லும், அதனால் வேறு என்கிறது. போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. ஏற்கெனவே உள்ளதை அதால் மாற்றிவிட்டு, புதியவை நார்மலைஸ் ஆகித்தான் வர வேண்டும் என்று செக் போட்டுவிடுங்கள்.

இரண்டு: கௌ என்று எழுத வேண்டிய இடத்தில் கெ போட்டு, பக்கத்தில் ளகர எழுத்தைத் தட்டிவிடுவார்கள். கெளரி, மெளனிகா, செளந்தர். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. யூனிகோடுக்கு இவை வேறு வேறு சொல், நார்மலைஸ் இதைத் தொடாது. இதற்கு எந்த டேட்டாபேஸிலும் மருந்து இல்லை.

---

கரூர்_பேக்கெண்ட் | புதன், மாலை 7:02

அப்படியானால் எகரக் குறியும் ள-வும் அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக ரீபிளேஸ் செய்துவிடலாமா? ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன், ஓட்டவில்லை.

---

எழுத்தெண்ணி | புதன், மாலை 7:04

ஓட்டாதீர்கள்! வெள்ளி, தெளிவு, பெள்ளாதி எல்லாம் உடைந்துவிடும். அங்கே ள உண்மையான ள. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடக்கூடாது. வெறும் ள-வாக நின்று அடுத்து ஒரு மெய் வருகிற பெயர்களை மட்டும் பட்டியல் எடுங்கள். அவற்றையும் தானாக மாற்றாமல் ஒருவர் உட்கார்ந்து பார்த்து மாற்றட்டும். இவை மனிதர்களின் பெயர்கள்.

---

கரூர்_பேக்கெண்ட் | வியாழன், காலை 11:30

நார்மலைஸ் நேற்று இரவு முடிந்தது. நீங்கள் சொன்ன விதியில் எடுத்ததும் 41 பெயர்தான் வந்தது. அலுவலகத்தில் இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பப் படிவங்களோடு ஒப்பிட்டுக் காலையிலேயே திருத்திவிட்டார்கள். கௌரிகள் எல்லோரும் இப்போது தேடலில் வருகிறார்கள்.

எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டை ஒரு நகல் டேபிளில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளையம்மாள் என்று முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், அத்தனை பேரின் பெயரும் புள்ளி தனியே பிய்ந்து நின்றது. ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன்.